அண்ணன் பேரம் பேசவில்லை

என் அண்ணன் ஒரு கட்டுக் கீரைக்கே கால்மணி நேரம் பேரம் பேசுகிறவர். வேண்டாமென்று நடப்பார், கூப்பிட்டால் திரும்புவார். கடைசியில் கீரைக்கார அம்மாவும் சிரிப்பார், இவரும் சிரிப்பார். அடுத்த வாரமும் அதே கடைக்குத்தான் போவார்.

அப்பா இறந்தபின், மல்லசமுத்திரத்துக் காட்டை, அப்பா உழுத நிலத்தை, பாகம் பிரிப்பது பற்றிப் பேச என் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கம் தங்கைகள் தங்கள் பங்கை அண்ணனுக்கே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பதிலுக்கு நோம்பிக்கு நோம்பி, ஒரு பண்டிகை விடாமல், அவர் வந்து பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். எனக்கும் அதுதான் வேண்டும். ஆனால் கேட்டவுடன் கொடுத்தால் என்ன மதிப்பு? பேசிப் பேசி இறங்கலாம் என்று நினைத்து, "எனக்குஞ் சரிபாதி வேணுங்ணா" என்றேன்.

அவர் கத்துவார், "ஏஞ்சாமி, கெணத்தடிக் காட்டையாச்சும் எனக்கு உட்ரு" என்பார், நான் அழுதுகொண்டே முழுவதையும் கொடுத்துவிடுவேன். எல்லாம் மனதுக்குள் தயாராக இருந்தது.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "செரி, எடுத்துக்க" என்று எழுந்து போய்விட்டார்.

பாதிக் காடு வந்தது. கிணற்றுத் தண்ணீரிலும் பாதி. நியாயமான பாகம் என்கிறார்கள் எல்லோரும். நியாயமாம்! உனக்கு என்னதான் வேண்டும் என்று ஒருவரை ஒருவர் கேட்காமல் முடிந்த பேச்சில் என்ன நியாயம்? இந்த ஆடி நோம்பிக்கும் அவர் அழைக்க வரவில்லை.

போன வாரம் சந்தையில் அவரைப் பார்த்தேன். கீரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் ஒரு தக்காளிக் கடைக்குப் பின்னால் நின்று, கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.