தேய்த்துத் தீர்த்த தாலாட்டு

சுந்தரம்! காமாட்சி! உங்கள் சிவகாமி அத்தையின் இசைத்தட்டைத் தேய்த்து அழித்தவன் நான். உங்கள் மாமன் கலியபெருமாள் அல்ல. உங்கள் அப்பன்!

எழுதிவிட்டேன். இந்த இரண்டு வரியை வாயால் சொல்ல மூன்று வருஷமாக முயன்று தோற்றவன், இன்று மையைத் தொட்டு எழுதிவிட்டேன்.

நீங்கள் அவனை என்னவென்று கூப்பிடுகிறீர்கள்? ‘தேஞ்ச பிளேட்டு மாமா.’ சுந்தரம், அந்தப் பெயரை வைத்தவன் நீ. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ சொன்னாய், உன் தங்கைக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு. நானும் சிரித்தேன். கையில் பிசைந்த சோற்றோடு சிரித்தேன்! உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பெயர் எனக்கு உரியது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். மஞ்சக்குப்பத்தில் சர்க்கார் ஆபீசில் காகிதக் கட்டுகளைத் தூசி தட்டி, நூல் கட்டி அடுக்கி வைப்பவன். சொல்வது முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அத்தையின் முகம் உங்களுக்கு நினைவிராது. சிதம்பரத்தில் கீழவீதிப் பக்கம் எந்தக் கல்யாணம் என்றாலும் நலங்கு பாட அவளைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் அவள் பாட்டைக் கேட்டார். புருஷன் கலியபெருமாளோடு அவளைப் பட்டணத்துக்கு அழைத்துப்போய் ஒரே ஒரு தட்டு எடுத்தார். ஒரு பக்கம் நலங்கு, மறுபக்கம் தாலாட்டு. வள்ளி அப்போது அவள் வயிற்றில் இருந்தாள்.

பாடும்போது வளையல் சத்தம் விழும், கழற்றி வை என்றார்களாம். தாலி கட்டியவன் எதிரே நிற்கிறான், கண்ணாடி வளையலைக் கழற்றுவதா? “பாட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஊருக்குப் போவலாம் வா” என்று எழுந்துவிட்டாளாம். கடைசியில் வளையல்களின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு பாடினாள். அப்படியும் தாலாட்டில், இரண்டாவது அடி முடிந்து அவள் மூச்சு வாங்கும் இடத்தில், ஒரு வளையல் ‘கிணிங்’ என்றது. அதுவும் தட்டில் பதிந்துவிட்டது.

வள்ளிக்குப் பத்து மாதம் ஆனபோது விஷ ஜுரத்தில் அத்தை போய்விட்டாள். அந்தக் கம்பெனியும் மூடிவிட்டது. தட்டுகள் அதிகம் விற்கவும் இல்லை. கலியபெருமாளிடம் இருந்த ஒன்றுதான் மிச்சம்.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவன் கூடலூரில் நம் வீட்டுக்கு வந்தான். அவள் புடவை ஒன்றில் சுற்றி அந்தத் தட்டைக் கொண்டு வந்தான்.

“மாமா, இத நீங்க வெச்சிக்கங்க.”

“ஏன் மச்சான், ஒன் வூட்டுலயே இருக்கட்டுமே?”

“வேணாம் மாமா. என் கையில இருந்தா போட்டுக்கினே இருப்பேன். பதினாறு நாளும் அதான் பண்ணேன். பக்கத்து வூட்டுப் பாட்டுப் பொட்டிய வாங்கியாந்து, ஊசிகூட மாத்தாம... வள்ளிக்கு வெவரம் தெரியட்டும், அப்ப போடலாம். அதுவரைக்கும் யாரும் போட வேணாம். நீங்களும்தான்.”

“நானா? பிளேட்ட என்னாட்டம் பாத்துக்க இந்த ஜில்லாவுலயே ஆளு கெடையாது, தெரியுமில்ல?”

“அதான மாமா ஒங்ககிட்ட கொணாந்தேன்.”

ஆம், அந்தப் பெருமை எனக்கு இருந்தது. நாற்பத்திரண்டு தட்டுகள்! ஒன்றிலும் கீறல் கிடையாது. படுக்கப் போட்டால் வளையும் என்று நிற்க வைத்தே அடுக்குவேன். எண்ணெய்க் கையோடு நீங்கள் கிட்டே வந்தால் எப்படிக் கத்துவேன்! ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவே நம் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும். உங்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே என்ன? ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. ஊசி இரும்பு, தட்டு அரக்கு. ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் ஊசியின் முனை மழுங்கிவிடும். அதையே மறுபடி வைத்தால் தட்டின் கோடுகளைச் சுரண்டி எடுத்துவிடும். இதை ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்...

முதல் தடவை, தட்டில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் போட்டேன். என்னிடம் நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். புது ஊசி. ஒரு கீறலும் இல்லை. அந்த வளையல் ஒலித்தபோது என் கை மயிர் சிலிர்த்தது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அவன் என் கையில் கொடுத்த அன்று அந்தத் தட்டு முழுசாக இருந்தது!

மறுபடி ஏன் போட்டேன்? செத்துப்போன ஒருத்தியின் குரலில், மச்சான் பெண்டாட்டியின் குரலில் மயங்கினேனா? அப்படி நீங்கள் நினைத்தால் நான் தடுக்க முடியாது. எனக்குத் தெரிந்தவரை காரணம் வேறு. மற்ற நாற்பத்திரண்டு தட்டையும் காசிருக்கிற எவனும் வாங்கலாம். இது உலகத்திலேயே என் அலமாரியில் மட்டும்தான் இருக்கிறது! இதைக் கேட்பவன் நான் ஒருவன்தான்! அந்த எண்ணம் கள்ளைப்போல ஏறியது.

சனிக்கிழமைதோறும் உங்கள் அம்மா உங்களைத் திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போவாள். முழங்கால் வலி என்று நான் வீட்டில் தங்கிவிடுவேன். “ஒங்கப்பாவுக்கும் பெருமாளுக்கும் என்னா வாய்க்கா வரப்புத் தகராறோ தெரியல” என்பாள். நீங்கள் சிரித்துக்கொண்டே வண்டி ஏறுவீர்கள். வண்டி தெருமுனை திரும்பியதும் நான் பெட்டிக்குச் சாவி கொடுப்பேன்.

அப்புறம் யுத்தம் முற்றியது. கப்பல் வரவில்லை, ஊசி வரவில்லை. என்னிடம் ஒரே ஒரு டப்பா புது ஊசி மிஞ்சியிருந்தது. பழைய ஊசிகளைச் சாணைக்கல்லில் தீட்டிப் பார்த்தேன். கண்ணுக்குக் கூராகத்தான் தெரிந்தது. ஆனால் விரலை வைத்தால் முனையில் பிசிறு தட்டும்.

இனி எழுதப்போவதுதான் எனக்கு மிகவும் வெட்கமானது.

புது ஊசிகளை ஞாயிற்றுக்கிழமைத் தட்டுகளுக்கு வைத்துக்கொண்டேன். தெரு கேட்கும் தட்டுகள் அல்லவா? பாட்டு கரகரத்தால் என் பெயர் என்ன ஆகும்! தீட்டிய ஊசிகளை அத்தையின் தட்டுக்குப் போட்டேன். அதை என்னைத் தவிர யார் கேட்கப்போகிறார்கள் என்றுதானே?

முதலில் வளையல் ஒலி போயிற்று. ஒரு சனிக்கிழமை காத்திருந்தேன், வரவில்லை. அப்புறம் சொற்களின் ஓரம் மழுங்கியது. அப்புறம் காய்ந்த எண்ணெயில் கடுகு பொரிவதைப் போன்ற இரைச்சல் குரலுக்கு மேலே ஏறியது. அப்போதாவது நிறுத்தினேனா? இல்லை! இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதற்காகவே இரண்டு பக்கத்தையும் திரும்பத் திரும்பப் போட்டேன். பார்க்கப் பார்க்க மிச்சமும் போயிற்று.

வள்ளிக்கு ஏழு வயது முடிந்ததும் கலியபெருமாள் ஆளிடம் சொல்லி அனுப்பினான். ரயிலில் பெட்டியையும் தட்டையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் சிதம்பரம் போனோமே, நினைவிருக்கிறதா? நீங்கள் முறுக்குத் தின்றுகொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தீர்கள். வள்ளி புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவோடு, பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு இருந்தாள்.

எல்லோரும் பார்க்கிறார்களே என்று அன்றைக்குப் புது ஊசி போட்டேன். அந்தப் பாவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரைச்சல் வந்தது. இரைச்சலுக்கு உள்ளே, எங்கோ தூரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெண் முனகுவதுபோல் ஏதோ வந்தது. தட்டு முழுவதும் ஓடி முடியும்வரை அந்தக் குழந்தை அசையவில்லை. அப்புறம் நிமிர்ந்து கேட்டாள்:

“அப்பா, அம்மாவுக்குத் தொண்ட கட்டிக்கினு இருந்துதா?”

கலியபெருமாள் என்னைப் பார்த்தான். “அப்ப நல்லாத்தான மாமா இருந்துது?”

அந்த ஒரு நொடி எனக்குக் கொடுக்கப்பட்டது. உண்மை நாக்கில் நின்றது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“நீ குடுத்தப்ப அந்தப் பொடவையில சுத்துனதுதான் மச்சான். நான் பிரிக்கவே இல்ல.”

அவன் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். “நான்தான்... பதினாறு நாளும் ஊசி மாத்தாம ஓட்டுனேனே... நான்தான் கொன்னுட்டேன் மாமா!”

உங்கள் அம்மா, அவன் கூடப் பிறந்த அக்கா, ஆத்திரத்தில் கத்தினாள்: “ஏன்டா, கட்டுனவ கொரலக்கூட ஒழுங்கா வெச்சிக்க ஒனக்குத் துப்பு இல்லியா? ஒங்க மாமாவப் பாரு! அத்தினி பிளேட்டு வெச்சிருக்காரு, ஒண்ணுலயாவது ஒரு கீறல் உண்டா?”

நான் குனிந்து ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே அவன் தன் பூசைச் சாமான் கடையைச் சாத்திவிட்டுப் பட்டணம் போனான். பழைய தட்டு விற்கும் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினான். கிடைக்கவில்லை. ஜுரத்தோடு திரும்பி வந்தான். அன்று முதல் தன் மகளின் முகத்தை நேராகப் பார்த்து அவன் பேசி நான் கண்டதில்லை. நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க பத்திரமாத்தான் வெச்சிருந்தீங்க மாமா, நான்தான் முன்னியே கெடுத்துட்டேன்” என்கிறான். எனக்கு நன்றி சொல்கிறான்! நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டு, காப்பி குடிக்கிறாயா என்று கேட்கிறேன்...

போன மாதம் வள்ளி நம் வீட்டில் வந்து தங்கினாளே, அப்போது ஒரு காலையில் நீங்கள் அம்மாவோடு கடைத்தெருவுக்குப் போயிருந்தீர்கள். அவள் அலமாரியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“மாமா, அம்மா பாட்ட நீங்க கேட்டிருக்கீங்களா? கெட்டுப்போறதுக்கு முன்னாடி?”

“இல்லம்மா. போட வேணாம்னு ஒங்கப்பா சொல்லிட்டாரு.”

“அப்பாவக் கேட்டா அழுவுது. அதுக்கு மேல கேக்க மனசு வரல.” பாவாடை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். “ரெண்டு வரி தெரிஞ்சாக்கூடப் போதும் மாமா. மீதிய நானே பாடிக்குவேன்.”

பத்து வயதுப் பெண். அவள் கேட்டது இரண்டு வரி. எனக்கு முழுப் பாட்டும் தெரியும்! எந்த எழுத்தை இழுப்பாள், எங்கே குரலை இறக்குவாள், எந்த இடத்தில் லேசாகச் சிரிப்பு வந்து அடங்கும், எல்லாம் தெரியும். தட்டில் அழிந்தது என் தலைக்குள் முழுசாக இருக்கிறது. நான் வாயைத் திறந்து பாடினால் போதும். ஆனால் பாடினால், எப்படித் தெரியும் என்று கேட்பாளே? அவள் கேட்காவிட்டாலும் அவள் அப்பன் கேட்பானே?

“தெரியாதும்மா” என்றேன்.

தட்டைத் தேய்த்ததைவிட இது பெரிது என்று இப்போது தோன்றுகிறது. அது ஆசையில் செய்தது. இதை, தெரிந்தே, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன்.

நீங்கள் கேட்பீர்கள்: எங்களிடம் ஏன் சொல்கிறாய், போய் மாமாவிடம் சொல்லேன் என்று. சிதம்பரம் என்ன சீமையிலா இருக்கிறது? இரண்டு முறை ரயிலுக்குப் போனேன். ஒருமுறை அவன் கடை வாசல்வரை போய், கற்பூரமும் தேங்காயும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இதைப் படித்தபின் நீங்களே அவனிடம் சொல்லிவிடுவீர்கள் என்று உள்ளுக்குள் ஆசைப்படுகிறேனோ? இருக்கலாம். அப்படியானால் இந்தக் கடிதமும் கோழைத்தனம்தான்! என்னை மன்னிக்க உங்களுக்கு உரிமை இல்லை. அந்த உரிமை உள்ள இருவரிடமும் நான் இன்னும் கேட்கவில்லை. அந்தப் பெயரை மட்டும் இனி அவனுக்குச் சொல்லாதீர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

வள்ளியை ரயில் ஏற்ற நீங்கள் எல்லோரும் போன பிற்பகலில், நான் மட்டும் வீட்டில் இருந்தேன். வாசல் கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அத்தையின் தாலாட்டைப் பாடினேன். வாய்விட்டுப் பாடினேன். புகையிலை போடும் கட்டைக் குரல்தான். ஆனாலும் ஒரு சொல் விடவில்லை, ஒரு வளைவு தப்பவில்லை. மூன்றாவது அடிக்கு வந்திருந்தேன்.

தெருவில் யாரோ நடந்துபோகும் செருப்புச் சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டேன். சத்தம் தாண்டிப் போயிற்று.

எழுந்து போய், தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். விழுந்துதான் இருந்தது. இன்னொரு தடவை அழுத்திவிட்டேன்.