மதினி கேட்ட சந்தேகம்

தென்காசியில் என் வீட்டு மாடியில் பெண்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். துபாயில் இருக்கும் என் அண்ணனிடம் போவதற்காக அவன் மனைவியான மதினியும் ஆறு மாதமாக அதில் படித்தாள். அண்ணன் அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துவது எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். "அவகிட்ட சொல்லிராத" என்று போனில் அழுதிருந்தான். நானும் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாரல் ஜன்னல் வரை அடித்தது. ஏமாற்றுவதைச் சொல்லும் மூன்று ஆங்கிலத் தொடர்களைப் போர்டில் எழுதி விளக்கினேன். 'புல்லிங் யுவர் லெக்' விளையாட்டுக்குச் சொல்லும் பொய். கடைசியில் எல்லாரும் சிரித்துவிடுவார்கள். 'டேக்கிங் யூ ஃபார் எ ரைடு' ஆதாயத்துக்காக ஏமாற்றுவது. 'ஸ்ட்ரிங்கிங் யூ அலாங்' என்றால், செய்யும் எண்ணமே இல்லாமல் ஆசை காட்டி இழுத்தடிப்பது.

மதினி கையைத் தூக்கினாள். "ஏழு வருசமா ஒங்கண்ணன், அடுத்த வருசம் கூட்டிட்டுப் போறேன்னே சொல்லுதாவ. இது எதுல வரும்?"

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அத்தனை கண்களும் என் மேல் இருந்தன. நழுவிப் போகவும் வழியில்லை.

"மொதல்ல உள்ளதுதான் மதினி. அண்ணன் சும்மா வெளையாடுதான்."

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப நீ மட்டும் ஏன் சிரிக்கல?"

மறுநாளிலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை. அண்ணன் செய்தது மூன்றாவது என்று எனக்கு முன்பே தெரியும். அவள் போகவே முடியாத ஊருக்காக ஆறு மாதம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த நானும் அதையேதான் செய்திருக்கிறேன் என்பது, அவளுடைய காலி நாற்காலியைப் பார்த்தபோதுதான் உறைத்தது.