நடந்தே வந்துவிடுவேன்

போன செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்.

யார் மேல் என்கிறீர்களா? பட்டியல் கொஞ்சம் நீளம்... கடைசியில் என் பெயரும் இருக்கிறது.

மகள் பவானிக்கு இன்டர்வியூ. பி.காம் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது, இது ஆறாவது. பாந்த்ரா - குர்லா காம்ப்ளக்ஸில் ஒரு கம்பெனி. காலை ஏழு மணிக்குக் கஸ்டமர் டெஸ்க்கைத் திறந்து உட்கார வேண்டும். முந்தைய ஐந்து இடங்களிலும் "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். யாரும் சொல்லியும் அனுப்பவில்லை.

இந்த முறை விடக்கூடாது என்று ஒரு கோச்சிங் கிளாஸில் சேர்த்துவிட்டேன். 'ஸ்ட்ராங் ஆன்ஸர்' சொல்லித் தருகிறார்களாம். "உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்டால், "ஒரு வேலையை எடுத்தால் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன்" என்று சொல்ல வேண்டுமாம். இது பலவீனமா? முப்பது பிள்ளைகளும் இதே பலவீனத்தோடு வரிசையில் வந்தால், கேட்கிறவருக்குக் கொட்டாவி வராதா?

இப்படிக் கேலி பேசுகிற நான் என்ன செய்தேன்? அதைவிட மோசம். ஒரு நோட்டு வாங்கி, இருபத்தாறு கேள்விக்கு நானே பதில் எழுதினேன். சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, நானே மேனேஜராக உட்கார்ந்து, அவளை ஒப்பிக்க வைத்தேன்.

முதல் கேள்வி: எங்கே இருக்கிறீர்கள்? பதில்: செம்பூர்.

நாங்கள் இருப்பது தாராவியில். செம்பூரில் இருப்பது என் தங்கையின் ஃபிளாட். பயோடேட்டாவிலும் அந்த விலாசம்தான்.

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. வேலைக்கு ஒரு விலாசம், வரன் பார்க்க ஒரு விலாசம், கேஸ் சிலிண்டருக்கு மட்டும் உண்மை விலாசம். சயானில் சித்தப்பா இருந்தால் சயான். என் இருபத்திநாலு வயதில், சிநேகிதன் வீட்டுப் புண்ணியத்தில் நான் மாட்டுங்கா. தாராவி என்றதும் எதிரில் இருப்பவர் முகம் ஒரு நொடி மாறும் பாருங்கள்... பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

"பிள்ளைக்கு எதுக்குப் பொய்யச் சொல்லிக் குடுக்கீக?" என்றாள் என் மனைவி.

"ஒனக்கு ஒலகம் தெரியாது, சும்மா இரு" என்றேன். உலகம் தெரிந்தவன் அல்லவா நான்!

செவ்வாயன்று நானும் கூடப் போனேன். வீட்டிலிருந்து நடைதான். மித்தி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கண்ணாடிக் கட்டிடங்கள். வழியெல்லாம் நோட்டை விரித்துக் கேள்வி கேட்டுக்கொண்டே போனேன்.

"அப்பா, போதும். ரோட்ல எல்லாரும் பாக்குறாங்க" என்றாள்.

எதிர்ப்பக்க டீக்கடையில் காத்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். வந்ததும், உள்ளே கொண்டுபோயிருந்த நோட்டை என் கையில் திணித்தாள்.

"என்னட்டி ஆச்சு?"

எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. கேள்வி கேட்ட மேடம் தங்கமாகப் பேசினாராம். கடைசியில் ஒன்று கேட்டாராம்: "மழையில் டிரெயின் நின்றுவிட்டால், செம்பூரிலிருந்து ஏழு மணிக்கு எப்படி வருவாய்?"

"நீ என்ன சொன்னே?"

"நோட்டுல உள்ளதுதான். எந்தச் சவாலையும் பாசிட்டிவா எதிர்கொள்வேன்னு."

"சரிதானே..."

"அவங்க சிரிச்சிட்டாங்கப்பா. 'சவால் இல்லம்மா, தண்ணி... இடுப்பளவு தண்ணி'ன்னாங்க. போன மழையில டெஸ்க்ல இருந்த செம்பூர் பக்கத்து ஆளுங்க ரெண்டு பேரும் வர முடியல, டெஸ்க்கே திறக்கலியாம். நடந்து வர்ற தூரத்துல இருக்கவங்களத்தான் எடுக்கப் போறாங்களாம்."

நோட்டை மடக்கிக் கக்கத்தில் வைத்தேன்.

"நடந்தே வந்துருவேன் மேடம்னு நுனி நாக்கு வரைக்கும் வந்துட்டு. பேப்பர்ல செம்பூர்னு இருக்கே, எப்படிச் சொல்ல? இதுக்கு ஒரு ஸ்ட்ராங் ஆன்ஸர் எழுதிக் குடுங்க பாப்போம்!"

டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். இதை எழுதும்போதும் அந்தக் கோபம் ஆறவில்லை.

அந்தக் கண்ணாடிகளைத் துடைக்கிறவர்கள் எங்கள் சந்துகளிலிருந்து போகிறார்கள். வாசலில் சல்யூட் அடிக்கிறவர்கள் எங்கள் சந்துகளிலிருந்து போகிறார்கள். அவர்களின் விலாசம் யாருக்கும் இடிப்பதில்லை. உள்ளே நாற்காலியில் உட்கார வருகிறவள் மட்டும் ஏன் ஊரை மாற்றிச் சொல்ல வேண்டும்? இந்தப் பயத்தை எங்கள் தலையில் ஏற்றியது யார்?

ஆனால் ஒன்றை மறைக்க முடியாது. அந்த மேடம் முகம் சுளித்திருப்பாரா? தெரியாது. அதற்கு அவருக்கு நான் சந்தர்ப்பமே கொடுக்கவில்லையே! அவருக்கு முந்தி நானே சுளித்துவிட்டேன். என் மகளிடம் இருந்த ஒரே ஸ்ட்ராங் ஆன்ஸர் எங்கள் வீட்டு விலாசம். அதை அடித்துவிட்டு வேறு எழுதியது என் பேனா.

வீட்டுக்கு வந்ததும் பவானி போனில் ஏதோ டைப் அடித்தாள். அனுப்பிய பிறகுதான் காட்டினாள். 'பயோடேட்டாவில் உள்ளது என் அத்தை வீடு. தவறு, மன்னிக்கவும். நான் இருப்பது தாராவி. உங்கள் ஆபீசுக்கு நடந்து இருபது நிமிடம். மழை நாளிலும் நடந்தே வந்துவிடுவேன்.'

"பொய் சொன்னோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமே!" என்று பதறினேன்.

"ஆமா. சொன்னோம்லா?" என்றாள்.

பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். முதல் கேள்விக்கே பொய் சொன்ன பெண்ணை ஏன் எடுக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தால், எந்த நோட்டிலும் அதற்குப் பதில் இல்லை.

பத்திரிகையில் வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியின் அடியில், என் பெயருக்குக் கீழே, இத்தனை வருடமாக 'செம்பூர், மும்பை' என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆசிரியருக்கு போன் செய்து, இந்த வாரம் முதல் 'தாராவி' என்று போடச் சொல்லிவிட்டேன்.

பவானியிடம் பெருமையாகச் சொன்னேன். மெயில் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"பின்கோடும் போடச் சொல்லுங்கப்பா."