தாமல் ஏரியில் எட்டுப் பெட்டிகளும் என் ஜரிகை உறைகளும்

போன ஞாயிற்றுக்கிழமை தாமல் ஏரிக்குப் போனது வேடிக்கை பார்க்க அல்ல. என் மகள் யாழினியின் கடைசி வருட ப்ராஜெக்ட் பாதியில் நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை கல்லூரியில் காட்ட வேண்டும்.

காஞ்சிபுரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர். போக, வர, காத்திருக்க ஆட்டோவுக்கு அறுநூறு ரூபாய் பேசி, காலை 6.10க்குக் கிளம்பி 6.45க்குக் கரையில் இறங்கினோம்.

கரை நெடுக அவள் ப்ராஜெக்ட்டுக்கான எட்டுச் சின்னப் பெட்டிகள். நீர்மட்டத்தை அளந்து கம்பியில்லாமல் சொல்லும். ஒவ்வொன்றும் தூரத்துக்குப் பேசினால் பேட்டரி சீக்கிரம் தீரும். அதனால் எல்லாம் பக்கத்தில் ஒன்றிடம் சொல்ல, அது சேர்த்து மதகில் உள்ள பெரிய பெட்டிக்கு அனுப்பும். எதில் சார்ஜ் அதிகமோ அதற்குத் தலைமை. முறை மாறிக்கொண்டே இருக்கும். எட்டாங்கிளாசோடு தறியில் உட்கார்ந்த எனக்கே புரிந்ததென்றால் உங்களுக்குப் புரியாதா?

யாழினிக்குப் பரீட்சை இருந்ததால், இரண்டு வாரம் முன்பு கடைசி மூன்று பெட்டிகளை நான்தான் கட்டினேன். நின்றுபோனவையும் அதே மூன்று. ஆட்டோ ஓட்டிய சலீம் பாய், "கைராசி நல்லாத்தான் இருக்குது அண்ணே" என்றார்.

அந்த மூன்றில் முதல் பெட்டியைப் பார்த்ததும் யாழினி நின்றுவிட்டாள். வெயில் படாதிருக்கட்டும் என்று, பட்டுச் சேலை முந்தானையில் மிஞ்சிய துண்டுகளில் மூன்றுக்கும் உறை தைத்துப் போட்டிருந்தேன். கெட்டி ஜரிகை, அசல் வெள்ளிக் கம்பி.

"அப்பா, இது உலோகம்பா. உள்ள பேசறது வெளிய போகவே இல்ல. பதில் வரலன்னு திரும்பத் திரும்பக் கத்திக்கினே இருந்து பேட்டரி காலி."

முப்பது வருடமாக அந்த வெள்ளி இழையோடு பிழைப்பவன். அது உலோகம் என்று அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. திட்டுவாள் என்று பார்த்தேன். துணியில் நெய்த பூக்களைத் தடவியபடி, "இத்தன புட்டா போட்டு யாருக்குபா காட்ட? கொக்குக்கா?" என்றாள்.

உறைகளைக் கழற்றி, பேட்டரி மாற்றி, 8.20க்குக் காத்திருக்க ஆரம்பித்தோம். எட்டும் பேசினால்தான் காட்ட ஏதாவது இருக்கும். ஏழு பெட்டிகள் பேசிவிட்டன. 9.40க்கு லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்தாள்.

"எட்டாவதும் வந்துட்சிபா. புது பேட்டரியாச்சே, அதான் இப்ப அதுவே தலைவர்."

ப்ராஜெக்ட் அறிக்கையில் நின்றுபோன நாட்களை மறைக்கப் போவதில்லை, காரணத்தையும் எழுதுவேன் என்றாள். என் பேரையும் போடு என்றேன்.

நீங்கள் போவதானால் ஒன்பதுக்குள் பார்த்து முடியுங்கள்; நிழல் குறைவு. தண்ணீர் கொண்டுபோங்கள். கம்பியில்லாமல் பேசும் எதையும் ஜரிகையில் பொதியாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை ஆசிரியர்கள் முன்னால், கொண்டுபோன ஒரு பெட்டிக்கு உறையைப் போட்டுக் காட்டினாளாம், பேச்சு நின்றது. எடுத்தாளாம், பேசியது. மற்ற எதையும் விட அதைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்களாம். மீதி இரண்டு உறைகளையும் ஒரு பேராசிரியை கேட்டு வாங்கிக்கொண்டாராம்.