தராசக்காவின் ஐம்பத்து நாலு கிலோ

எங்கள் ஹேங்கரில் தராசக்காவுக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. ஹெலிகாப்டரில் ஏறும் ஆளையும் மூட்டையையும் நிறுத்து, பட்டியல் எழுதி, பைலட்டான என்னிடம் கையெழுத்து வாங்குவது அவள் வேலை. யார் சொல்லும் எடையையும் நம்ப மாட்டாள். ஒருமுறை முதலாளியையே தராசில் ஏற்றி, "வயித்த உள்ள இழுத்தா முள்ளு எறங்காது சார்" என்றவள்.

அவள் கெடுபிடி நியாயமானதுதான். ஹெலிகாப்டர் எதையும் தூக்கும் என்பவர்கள் அதை ஓட்டிப் பார்க்காதவர்கள். மேலே சுற்றும் இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, அந்தத் தள்ளலில்தான் வண்டி எழும்புகிறது. மலை உச்சியில் காற்றே மெலிவு, உச்சி வெயிலில் இன்னும் மெலிவு. அங்கே பத்து கிலோ கூடினாலும் வம்புதான்.

அன்று மதியம் மலைமேல் இருந்த சுரங்க முகாமிலிருந்து ரேடியோவில் அழைத்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, சாலையோ சரிந்து கிடக்கிறது. நான், நர்ஸ், ஸ்ட்ரெச்சரைக் கட்ட அக்கா, போய்வர மட்டும் எரிபொருள் என்று கிளம்பினோம்.

மேலே இறங்கியதும், கிடங்கு வாசலில் இருந்த மேடைத் தராசில் அந்தப் பெண்ணை ஸ்ட்ரெச்சரோடு நிறுத்துப் பார்த்தாள் அக்கா. கணக்கு நூலிழையில் பொருந்தியது. அந்தப் பெண்ணின் புருஷன் ஒரு ஒல்லிப்பிச்சான். பெண்டாட்டி அவன் விரலை விடவே இல்லை.

"நானும் வரேங்க. ஓரமா உக்காந்துக்கறேன்."

"முடியாது தம்பி. கணக்கு முடிஞ்சு போச்சு." அக்காவே அந்தக் கையைப் பிரித்துக் கதவைச் சாத்தினாள்.

முழங்கால் உயரம்தான் எழும்பியிருப்போம், எச்சரிக்கை மணி அலறியது. இறக்கையின் சுற்று குறைகிறது. கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கினேன். மறுபடி மணி. பின்னால் நர்ஸ், "சீக்கிரம் கேப்டன், நாடி எறங்குது" என்றாள்.

"எங்க தப்பு, அக்கா?"

பட்டியலில் ஓடிய அவள் விரல் தன் பெயரில் போய் நின்றது. "கேப்டன், இந்த அம்பத்து நாலு நான் வேலைக்குச் சேந்தப்ப எழுதினது."

"இப்ப எவ்வளவு?"

"யாருக்குத் தெரியும்? பன்னெண்டு வருசமா நான் தராசுல ஏறினதே இல்ல."

ஊருக்குத்தான் உபதேசம்! கோபப்பட எனக்கு நேரம் தராமல் இறங்கிக் கிடங்கு வாசலுக்கு ஓடினாள். தராசில் ஏறினாள், எழுபத்திரண்டு. உடனே அந்தப் புருஷனை இழுத்து ஏற்றினாள், ஐம்பத்து மூன்று.

"குனிஞ்சு ஓடு தம்பி. அது ஒன் சீட்டு."

இந்த முறை மணி அடிக்கவில்லை. மலை விளிம்பை நோக்கிச் சாய்த்து ஓட்டினேன். ஒரே இடத்தில் நிற்பதைவிட முன்னால் போவது ஹெலிகாப்டருக்குச் சுலபம், இறக்கைக்குப் புதுக்காற்று கிடைத்துக்கொண்டே இருக்கும். விளிம்பைத் தாண்டியதும் வண்டி கொஞ்சம் கீழே போனது, என் உயிரும் கூடவே போனது. பிறகு வேகம் பிடித்து ஜிவ்வென்று ஏறியபோது சந்தோஷத்தில் நான் கத்தியே விட்டேன். நர்ஸ் என்னை அதட்டினாள். அந்தப் பெண் புருஷன் கையைப் பிடித்தபடி கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

சாயங்காலம், முகாமிலேயே தங்கிவிட்ட அக்காவோடு ரேடியோவில் பேசினேன். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள், பெண் குழந்தை என்றேன். அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகைச் சத்தம்தான் கேட்டது.

"என் பொய்யிக்குள்ள ஒரு ஆளு உக்கார எடம் இருந்திருக்கு, பாருங்க கேப்டன்" என்றாள் தராசக்கா.