நேராகிப்போன எல்லை

மராங்கு மலைச்சரிவில் ஐகாந்தேயின் தோட்டம் வீட்டருகே அகன்று, நடுவில் இடுப்பைப் பிடித்து நெரித்ததுபோல் ஒடுங்கி, கீழே பள்ளத்தாக்கைப் பார்த்துக் கோணிக்கொண்டு இறங்கும். மணமாகி வந்த புதிதில் அவள் கணவனைக் கேலி செய்ததுண்டு.

"உங்க பாட்டன் கள்ளைக் குடிச்சிட்டு அளந்தாரா?"

"வாய்க்கால் போன வழியில நடந்து அளந்தாரு. தண்ணி என்னைக்கு நேரா போயிருக்கு?" என்பான் ஒம்பேனி.

வாழையும் காப்பியும் சேம்புமாக அந்த நிலத்தை வைத்துத்தான் இரண்டு பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்தார்கள். பிறகு ஒம்பேனிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்தது. படுத்தவனைப் புரட்டவும் துடைக்கவுமே அவளுக்குப் பொழுது சரியாக இருந்தது. வாழை கட்டுக்கடங்காமல் குட்டி போட்டது. காப்பிச் செடிகளைக் கொடி மூடியது. நடுவிலுள்ள ஒடுக்கத்தில் ஆள் நுழைய முடியாத அளவுக்குப் புதர் மண்டியது. பெருமழைக் காலத்தில் அவன் போனான். குல வழக்கப்படி வாழைகளுக்கு நடுவிலேயே அவனைப் புதைத்தார்கள்.

துக்கம் கழிந்ததும் குலப் பெரியவர் ருவைச்சி வந்து சொன்னார். "உனக்கு ஆம்பளப் பிள்ளை இல்ல, ஐகாந்தே. தோட்டத்தைத் தோட்டமா வெச்சிருந்தா உன்கிட்டயே இருக்கட்டும். இப்படிக் காடாக் கிடந்தா உன் கொழுந்தன் அனாயேலிக்குத்தான் போகணும். சின்ன மழைக்கு முன்னால வந்து பாப்போம்."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒம்பேனியைப் புதைத்த மேட்டை இன்னொருவர் வாசலில் நின்று கேட்டுப் பார்க்க வேண்டிய நாள் வந்துவிடுமோ என்பதே நினைப்பு. குச்சியும் வாழைநார்க் கயிறுமாக இறங்கினாள். வீட்டுப் பக்கம் வாழை, அதன் நிழலில் காப்பி, வாய்க்கால் ஓரம் சேம்பு, கீழ்க்கோணலில் மாட்டுக்குப் புல் என்று கயிறு கட்டிப் பிரித்தாள். பக்கத்து வீட்டு மன்கா வெட்டரிவாளோடு துணைக்கு வந்தாள்.

"என்னடி இது, கோயில் கட்டப் போறியா? கயிறு புடிச்சுக்கிட்டு நிக்கிற!"

"கெழவனுங்க கண்ணுக்கு ஒழுங்காத் தெரியணும்டி."

நடு ஒடுக்கத்தில் வாள்போல் நீண்ட இலைகளுள்ள இசாலே செடிகள் புதரோடு பின்னிக் கிடந்தன. முன்பு அங்கே ஒம்பேனி மட்டும் புழங்கிய கன்றுக்குட்டிப் பட்டி இருந்தது. அதற்கு வேலியாக ஒம்பேனி நட்டவை என்று நினைத்து, வேரோடு பறித்து நிலத்தைச் சமன் செய்தார்கள். கடைசிப் புதர் சாய்ந்ததும் வெளிச்சம் விழுந்தது. அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில், அனாயேலியின் சேம்பு வரிசை நின்றது.

மன்காவின் கையிலிருந்த அரிவாள் நழுவியது. "ஐயோ, இது பட்டி வேலி இல்லடி. எல்லை!"

எல்லை இசாலேயைப் பிடுங்குகிறவர் நிலம் திருடுகிறவர் என்பது அந்த மலையில் குழந்தைக்கும் தெரியும். இதற்கு மேல் குலத்தாருக்கு நிலத்தைப் பறிக்க ஒரு காரணம் வேண்டியதில்லை.

"வாயை மூடிக்கிட்டு திரும்ப நடு. இசாலே எங்க குத்துனாலும் பொழைச்சுக்கும்" என்றாள் மன்கா.

இருவரும் நட்டார்கள். நட்டு முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் ஐகாந்தேக்கு விஷயம் உறைத்தது. எல்லை அவள் கயிற்றை ஒட்டி, சீவின மாதிரி நேராக நின்றது. அந்த மலையில் யாருக்கும் நேரான எல்லை கிடையாது. பழைய வளைவு எங்கே இருந்தது, தன் பக்கம் எவ்வளவு, அவன் பக்கம் எவ்வளவு என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும், அனாயேலி சேம்பு பிடுங்க வருமுன், ஓர் இசாலே இலையை முடிச்சிட்டு எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்டு முடிச்சு இலை நீட்டினால் வாங்காமல் இருக்கக் கூடாது. ஆனால் வாங்கிக்கொண்ட பிறகு குலத்தாரிடம் சொல்லக் கூடாது என்று எந்த வழக்கமும் இல்லை.

அவன் இலையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். வாங்கி மடியில் செருகிக்கொண்டு, கூட வந்தான். வரிசையைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"என்ன அண்ணி, மோஷி டவுனுக்கு ரோடு போடுறீங்களா?"

அவளுக்குச் சிரிக்க வரவில்லை. "தெரியாம வெட்டிட்டேன், தம்பி. எங்க இருந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க. சொல்ற இடத்துல நட்டுடறேன்."

அவன் கையை நீட்டி, அதோ அந்தக் காப்பிச் செடி வரைக்கும் என்றால், அவளால் மறுக்க முடியாது.

அனாயேலி கிளறிய மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தான். "எனக்கும் தெரியல" என்றான். "அண்ணன் இருக்கிறப்போ நான் எதுக்கு எல்லையைப் பாக்கணும்?"

பிறகு தன் சேம்புக்கு நடுவே ஓரிடத்தில் போய் நின்றான். "சாயங்காலம் நான் இங்க நிப்பேன். அவரு உங்க பக்கம் அந்தக் கடைசி வாழைகிட்ட நிப்பாரு. மூக்குப்பொடி வாங்க இசாலே மேல கையை நீட்டுவேன். எட்டலன்னா திட்டுவாரு. அவரு நின்ன எடத்துல நில்லுங்க அண்ணி."

அவள் போய் நின்றாள். கையை நீட்டச் சொன்னான். இருவர் விரல்களும் தொட்ட இடத்துக்கு நேர்கீழே முதல் செடியை மாற்றி நட்டான். அதிலிருந்து மேலும் கீழும், வாய்க்காலின் போக்கைப் பார்த்து, வளைத்து வளைத்து நட்டுக்கொண்டு போனார்கள்.

குலத்தார் வந்த நாளில் செடிகள் வேர் பிடிக்கவில்லை. இலைகள் துவண்டு கிடந்தன. ருவைச்சி குனிந்து, கிளறிய மண்ணைக் கைத்தடியால் குத்திப் பார்த்தார். "யாரு எல்லையில கை வெச்சது?"

ஐகாந்தே வாய் திறந்தாள்.

"நானும் அண்ணியும்தான், பெரியவரே. புதர்ல தெரியாமப் போச்சு. சேர்ந்து நட்டோம்" என்றான் அனாயேலி.

"உனக்குக் குறை ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

ருவைச்சி இன்னும் ஒரு முறை வரிசையை நெடுகப் பார்த்தார். "வாழை நிழல் மட்டும் உன் காப்பிக்குப் பத்தாது, ஐகாந்தே. மரம் ரெண்டு வை" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். அவள் அங்கேயே, வெறும் மண்ணில், உட்கார்ந்துவிட்டாள்.