என் மூச்சுக்கு எத்தனை வாட்

கரையில் மீன் ஏலம் கேட்கும்போது, விலையைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. வஞ்சிரம் வேறொருத்திக்குப் போய்விட்டது. அதுதான் முதல் அறிகுறி. அன்று எனக்கு மீன் போன எரிச்சல்தான் பெரிதாக இருந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நிமோனியா (நுரையீரல் அழற்சி) என்றார்கள். எப்படியோ தேறினேன். வீடு திரும்பும்போது கான்சன்ட்ரேட்டரும் (அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி) கூடவே வந்தது.

"கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க? இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம்தான் தாங்கும்" என்றார் டாக்டரம்மா. முட்டுக்காட்டுப் பக்கம் புயல் அடித்தால் கரண்ட் நாள்கணக்கில் வராது.

என் வீட்டுக்காரர் படகு ஓட்டுபவர். கல்யாண மண்டபத்துக்கு வைப்பதுபோல் ஒரு டீசல் ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அலையில போவசொல்ல இன்ஜின்ல தெம்பு மிச்சம் இருக்கணும் செல்வி. நடுவுல நின்னுச்சுன்னா?"

"யோவ், வூட்ட கடலுக்கா ஓட்டிகினு போப்போற?"

சிரித்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. அவர் முகம் வெளுத்துவிட்டது. பயத்தில்தான் மனிதர் பெரிய இன்ஜின் கேட்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. பாவமாக இருந்தது.

கூடுவாஞ்சேரியில் ஜெனரேட்டர் கடைக்காரர் கேட்டது ஒன்றுதான். "ஒரே நேரத்துல என்னென்ன ஓடணும்?"

என் கருவி, ஃபிரிட்ஜ், ஒரு ஃபேன், இரண்டு விளக்கு. உங்கள் வீட்டிலும் இப்படியே பாருங்கள். ஒவ்வொன்றின் வாட்டையும் கூட்டுங்கள். மோட்டார் உள்ளவை ஓடுவதைவிடக் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக வாங்கினால் டீசல் சரியாக எரியாமல் கரிதான் தள்ளும். எங்களுக்கு இரண்டு கே.வி.ஏ. (ஏறத்தாழ 1,600 வாட்) பெட்ரோல் ஜெனரேட்டர் போதுமானதாக இருந்தது. மிக்சிக்கு இடமில்லை என்றதும் என் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஜெனரேட்டர் புகை ஆளையே கொல்லும், வீட்டுக்குள் வைக்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு தோட்டம் முழுக்கச் சுற்றினார். கடல்காற்றிலும் கரைக்காற்றிலும் புகை ஜன்னல் பக்கம் வராத மூலையைக் கண்டுபிடித்த பிறகுதான் ஓய்ந்தார்.

கரண்ட் போனால் அவர் ஓடிப்போய் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்துக் கிளப்புவார். அதுவரை அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரில் நான் மூச்சை எண்ணிக்கொண்டு கிடப்பேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ஒரு யுகமாகத் தெரியும்.

சில மாதம் கழித்து, பகலில் கருவி வேண்டாம் என்றார் டாக்டரம்மா. மறுவாரமே, குழம்புக்கு அரைக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பழக்க தோஷத்தில் இவர் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். மூக்கில் குழாய் இல்லாமல் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யம்மா, உன் பிளக்கு சும்மாதானே கீது, மிக்சி போடட்டா?" என்றாள் மகள்.

"போடு. தேங்கா நல்லா மசியட்டும்."

மசாலா அரைத்து முடியும்வரை, ஒரு மூச்சைக்கூட எண்ண எனக்கு நினைவு வரவில்லை.